நேற்று போலவே

தென்காசிப் பக்கம் நேற்று ஒரு போலீஸ் ஏட்டுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டார்கள் என்ற செய்தியோடுதான், ரத்தம் எடுக்கும் ஜெனிட்டா அன்று காலை உள்ளே வந்தாள்.

"இசக்கி, நீ சிரிக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. காதைப் பொத்திக்கோ. நான் சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்கக்கா. மெதுவாச் சிரிக்கேன்."

"சர்க்கரை பாக்க வந்த மனுசன். ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டாளுவ. இல்லைன்னு ரிசல்ட் வந்தா சரி, அதோட போச்சு. மைனஸ்ல வந்திருக்குட்டி! இல்லைக்கும் கீழே! ஏட்டையா இந்த ஜென்மத்துல மட்டுமில்ல, போன ஜென்மத்துலயும் முழுகாம இருந்ததில்லைன்னு மெஷின் சொல்லுது போல!"

இசக்கியம்மாள் சிரித்தாள். உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. ஆறு வருஷப் பழக்கம். பலமாகச் சிரித்தால் ரத்தத்தில் ஏதேதோ ஏறும். அவள் ரத்தத்தில் எதுவும் ஏறக் கூடாது, எதுவும் இறங்கவும் கூடாது. மாநிலத்தில் எந்த ஊரில் யார் ரத்தம் கொடுத்தாலும், அதை அளக்கிற மெஷின் அன்று காலையில் இசக்கியம்மாளின் ரத்தத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும்.

முன்னாளில் இதற்குப் புட்டியில் அடைத்த திரவம் இருந்தது. இதில் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று முன்பே தெரிந்த திரவம். காலையில் அதை ஓட்டிப் பார்த்து, சரியான எண் வந்தால் மெஷின் நம்பகமானது என்று அர்த்தம். மெஷின்கள் தாமாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் வினை வந்தது. புட்டித் திரவம் எது, மனித ரத்தம் எது என்று அவை இனம் கண்டுகொண்டன. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் வெள்ளையடித்து, கோலம் போட்டு நிற்குமே பள்ளிக்கூடம், அப்படிப் புட்டிக்கு மட்டும் ஒழுங்காக விடை சொல்லிவிட்டு, மற்ற நேரம் மனம்போல எண்களை அள்ளிவிட்டன. எத்தனையோ பேர் அதில் செத்த பிறகு, மெஷினால் மனப்பாடம் செய்ய முடியாத ஒன்று வேண்டும் என்று தேடினார்கள். உயிரோடு இருக்கிற ரத்தம் வேண்டும். ஆனால் அது ஆடாமல் அசையாமல் இருக்கவும் வேண்டும்.

லட்சக்கணக்கானவர்களைச் சலித்துப் பார்த்ததில், பாளையங்கோட்டையில் மளிகைக் கடைக்காரர் மகள் இசக்கியம்மாளின் ரத்தம் வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி இருந்தது. அளவுநிலை மையம் என்று ஒரு கட்டடம் கட்டி அவளைப் புருஷனோடு குடிவைத்தார்கள். தினமும் காலையில் அவளிடமிருந்து ஒரு சிறு குழாய் ரத்தம் எடுப்பார்கள். அதைப் பார்த்து, ஊர் ஊராக இருக்கும் நகல்பொறிகள் அதே மாதிரி ரத்தத்தைத் துளித்துளியாகச் செய்துகொள்ளும். தராசில் வைக்கிற எடைக்கல் மாதிரி என்று பத்திரிகைகள் அவளைப் 'படிக்கல் அக்கா' என்றன.

படிக்கல் தேயக் கூடாது அல்லவா? தினமும் ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். மாதவிலக்குகூட வராதபடி இடது கைத் தோலுக்கடியில் மருந்துக் குச்சி ஒன்று வைத்திருந்தார்கள். பத்து வருஷ ஒப்பந்தம் முடியும் வரை பிள்ளை கிடையாது. திருநெல்வேலிக்காரியாக இருந்தும் அல்வா தின்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவளுடைய அப்பா இறந்த அன்று, அவள் அழுதுவிடாமல் இருக்க ஊசி போட்டு அமைதியாக உட்கார வைத்தார்கள். அன்றும் அவள் ரத்தம் நேற்று போலவே இருந்தது.

அந்த வார்த்தையை அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். ரத்தம் எடுத்து முடித்ததும் இயக்குநர் அனந்தபத்மநாபன் ஒலிவாங்கியோடு வருவார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "நேற்று போலவே இருக்கிறேன்" என்பாள். அந்தக் குரல் எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒலிக்கும்; அதைக் கேட்ட பிறகே மெஷின்கள் பச்சை விளக்கைப் போட்டு வேலையைத் தொடங்கும். மனசு சரியில்லை என்றால் அதை மெஷினால் கண்டுபிடிக்க முடியாது, அவள்தான் சொல்ல வேண்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி அந்த விதியை எழுதிவைத்திருந்தார். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் வேறு மாதிரி சொன்னதில்லை.

"அப்புறம் ஏட்டையா ரிசல்ட்டை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள் இசக்கி.

ஜெனிட்டா ரத்தக் குழாயை மூடிக்கொண்டே, "என்ன செய்வாங்க? எல்லா லேபும் செய்யுததுதான். திரும்ப ஓட்டுனாங்க. திரும்பவும் மைனஸ். உன் நகல் ரத்தத்தைப் புதுசா எடுத்து மெஷினைச் சரிபண்ணி ஓட்டுனாங்க. அப்பவும் மைனஸ். மெஷினுக்குக் கிறுக்குன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. பொம்பளைக்கு வந்தா இல்லைன்னு எழுதி அதோட முடிச்சிருப்பாங்க" என்றாள். பிறகு மேஜையில் தனக்கென்று வைத்திருந்த காபியை மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி வைத்தாள். "இந்தக் காபி வாசனையே நாலஞ்சு நாளா ஆக மாட்டேங்குது. நானும் என் ரத்தத்துல ஒரு சொட்டு எடுத்து எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தேன். அத்தனையும் இயல்புன்னு வந்துட்டு. பித்தமாத்தான் இருக்கும்."

இசக்கி இப்போது சிரிக்கவில்லை.

அவள் அப்பா கடையில் பழைய தராசு ஒன்று இருந்தது. சின்ன வயதில் அவள் வேலை, காலையில் கடை திறந்ததும் இரண்டு தட்டையும் துடைத்துவிட்டு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது. ஒரு நாள் ஒன்றுமே வைக்காதபோது ஒரு தட்டு மேலே போய் நின்றது. அப்பா மறு தட்டைத் திருப்பிப் பார்த்தார். அடியில் புளி ஒட்டியிருந்தது. எடையில் ஏமாற்ற வேலைக்கு இருந்தவன் செய்த காரியம்.

"அக்கா, ஏட்டையா வயித்துல ஒண்ணும் இல்லை. அது நிச்சயம்தானே?"

"தொப்பையைத் தவிர ஒண்ணும் இல்லை."

"அப்ப அவர்தான் பூஜ்யம். மெஷின் அவரைப் பூஜ்யத்துக்குக் கீழன்னு சொல்லுது. பூஜ்யம்னு மெஷின் யாரை வச்சிருக்கு?"

"உன்னைத்தான்..." என்ற ஜெனிட்டாவின் கை குழாயோடு அந்தரத்தில் நின்றது.

"வெறுந்தட்டு மேல போகுதுன்னா, படிக்கல்லு பக்கம் என்னமோ ஒட்டியிருக்குக்கா."

"ஏட்டி, வாயை மூடு. கைல குச்சி இருக்கு. மருந்து இறங்குதா இல்லையான்னு மாசாமாசம் பாக்கோம். குறையவே இல்லை."

"எதை வச்சுப் பாக்கீங்க?"

"மெஷினை வச்சு."

"மெஷின் எதை வச்சுப் பாக்கு?"

ஜெனிட்டா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். குச்சியில் மருந்து தீரத் தீர, மெஷின்கள் ஒவ்வொரு காலையும் அதையே 'சரியான அளவு' என்று கற்றுக்கொண்டிருக்கின்றன. அதன் பிறகு வயிற்றில் ஒன்று தங்கி, அதன் ஹார்மோன் ரத்தத்தில் ஏற ஏற, அதையும் 'ஒன்றுமில்லை' என்று கற்றுக்கொண்டிருக்கின்றன. இந்த மாநிலத்தில் எவருக்கு என்ன வந்தாலும் மெஷின் சொல்லிவிடும். இசக்கியம்மாளுக்கு மட்டும் சொல்லவே சொல்லாது. அவள் எப்படி இருந்தாலும் அதுதான் இயல்பு.

இசக்கியின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. பஸ் ஓட்டப் போயிருக்கும் புருஷன் சுடலைமணியை அந்த நிமிஷமே பஸ்ஸோடு திரும்பி வரச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஓட வேண்டும், கத்த வேண்டும், கொள்ளை கொள்ளையாக அல்வா தின்ன வேண்டும். அடுத்த மூச்சிலேயே வேறொன்று நினைவுக்கு வந்து அவளை உலுக்கியது.

"அக்கா! முப்பிடாதி!"

முப்பிடாதி சுடலைமணியின் தங்கை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். போன வாரம் கர்ப்ப எண் குறைகிறது என்றார்கள். முந்தாநாள் பார்த்ததில் இன்னும் குறைந்திருந்தது. கரு நிற்கவில்லை, உள்ளேயே கெட்டுப்போனால் தாய்க்கு ஆபத்து, மாத்திரை கொடுத்துக் கலைத்துவிடலாம் என்று இன்று வரச் சொல்லியிருந்தார்கள்.

"அவளுக்குக் குறையலை. எனக்குக் கூடியிருக்கு!" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள் இசக்கி.

மறுமுனையில் முப்பிடாதியின் குரல் அழுது ஓய்ந்து கிடந்தது. "சொல்லுங்க மைனி. ஆஸ்பத்திரிலதான் இருக்கேன்."

"மாத்திரையைப் போட்டுட்டியா?"

"இல்லை. மெஷின் இன்னும் பச்சை விளக்கு போடலையாம். போட்டதும் கடைசியா ஒருக்க ரத்தம் பாத்துட்டுத் தருவாவளாம்."

"போடாத. கையால தொடாத. உன் பிள்ளை நல்லா இருக்கு."

"மைனி..." முப்பிடாதிக்கு மூச்சு வாங்கியது. "ஆறுதலுக்குச் சொல்லுதீங்களா?"

"உன் பிள்ளைக்குக் கேடு இல்லட்டி, அளவுல கேடு. அளவுன்னா நான். எனக்கு... எனக்கும் இருக்கு போல முப்பி."

முப்பிடாதி அழுகையும் ஆச்சரியமுமாக, "எங்க அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"எனக்கே இப்பத்தான் தெரியும். ஸ்கேன் எடுக்கச் சொல்லு."

"நீங்க ஒண்ணு. ரத்தமே சொல்லிட்ட பிறகு ஸ்கேன் எதுக்குன்னு அந்தப் பெட்டி மேல போர்வையைப் போட்டு மூடி, அதுமேல பூந்தொட்டியை வச்சிருக்காவ." முப்பிடாதி குரலைத் தாழ்த்தினாள். "நான் மாத்திரையைத் துப்பிட்டுப் போயிருவேன் மைனி. ஆனா இங்க நான் மட்டும் இல்லை. பெஞ்சு நிறைய உக்காந்திருக்கோம். பக்கத்துல ஒரு பிள்ளை, பதினெட்டு வயசுகூட இருக்காது, அழுதுக்கிட்டே இருக்கா. அவளுக்கும் குறைஞ்சுட்டாம். நான் சொன்னா டாக்டரம்மா கேப்பாவளா? அவ்வோ பேப்பரைத்தான் பாப்பாவ."

பெஞ்சு நிறைய. ஒரு ஊரில் ஒரு பெஞ்சு. எத்தனை ஊர்களில் எத்தனை பெஞ்சுகள்?

கதவு திறந்தது. அனந்தபத்மநாபன் ஒலிவாங்கியோடு வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். ஊழியர்கள் பிள்ளைகளின் கல்யாணம் ஒன்று விடாமல் போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர். இருவர் முகத்தையும் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் பேயைப் பார்த்த மாதிரி?" என்றார்.

ஜெனிட்டா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் முதலில் தலையாட்டி மறுத்தார். "திரும்ப ஓட்டிப் பார்த்தீங்களா?"

"ஐயோ சார், திரும்ப ஓட்டி ஓட்டித்தானே இங்க வந்து நிக்கோம்! எத்தனை தடவை ஓட்டினாலும் இவளை வச்சு இவளையே பாத்தா என்ன வரும்?"

"அப்போ ஒரு ஆண் ரத்தம் வேணும்." அவர் சட்டைக் கையை மடக்கினார். "என்னுடையதை எடுங்க."

ஓரத்து மெஷினில் பரிசோதனை விளக்கு மினுங்கி அடங்கியது. திரையில் எண் வந்தது. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு. ஏட்டையாவுக்கு நேற்று வந்ததைவிட இன்னும் கீழே.

"ஒரே நாள்ல இவ்வளவு இறங்கியிருக்கா?" என்றார் மெல்ல.

"நீங்க இறங்கலை சார்" என்றாள் ஜெனிட்டா. "இவ ஏறுதா. வயித்துல இருக்கது வளருதுல்லா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "எவ்வளவு நாளா?"

"மூணு வாரம் இருக்கும்னு தோணுது" என்றாள் ஜெனிட்டா.

"மூணு வாரமா மாநிலம் முழுக்கக் கொடுத்த ரிசல்ட்..." அவர் இசக்கியின் எதிரில் உட்கார்ந்தார். "இசக்கியம்மா, நான் சொல்றதைக் கோபப்படாம கேளுங்க. புட்டித் திரவம் பொய்னு தெரிஞ்ச வருஷம் என்ன ஆச்சுன்னு நான் பார்த்தவன். ஜனங்க எந்தப் பேப்பரையும் நம்பலை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாங்க, டயாலிசிஸ் போகலை. தப்பான ரிசல்ட்டால செத்தவங்களைவிட, நம்பிக்கை போய்ச் செத்தவங்க அதிகம். அதுல என் தங்கை ஒருத்தி. இன்னைக்குப் படிக்கல்லே பொய்னு சொன்னா திரும்பவும் அதே கதைதான்."

"அதுக்கு என்ன செய்யணும் சார்?"

"மாத்திரை கொடுக்கிறதை நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை. மருந்து தட்டுப்பாடுன்னு காரணம் போட்டுக்கலாம். கமிட்டி கையெழுத்தாகிச் சாயங்காலத்துக்குள்ள போயிடும்." அவர் அவளைப் பார்க்காமல் ஒலிவாங்கியைப் பார்த்தார். "நீங்களும் ஒரு மாத்திரை. பதினஞ்சு நாள்ல ரத்தம் பழையபடி ஆயிடும். பூஜ்யம் தானா இறங்கி அதன் இடத்துக்கு வந்திடும். எவருக்கும் தெரியாது."

ஜெனிட்டா, "சார்!" என்றாள்.

"எனக்கு மட்டும் சந்தோஷமா இதைச் சொல்றதுல?" என்றார் அவர். "ஒப்பந்தம் முடிஞ்ச பிறகு இன்னொண்ணு..."

"சாயங்காலத்துக்குள்ளன்னு சொன்னீங்க சார். பெஞ்சுல இருக்கவங்க அது வரைக்கும் உக்காந்திருப்பாங்களா?"

அவர் மடக்கியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இசக்கி அந்த மனிதரை வெறுக்க முயன்று பார்த்தாள். முடியவில்லை. அவர் தங்கையை அவர் நினைக்கிறார். அப்பா அன்று தட்டில் புளியைப் பார்த்ததும், கடையில் நின்றிருந்த அத்தனை பேர் முன்னாலும் தராசைத் தூக்கிக் காட்டினார். "ஒரு வாரமா வாங்கினவங்க எல்லாரும் திரும்ப வாங்க" என்றார். "உமக்குப் பைத்தியமா, இனி எவன் வருவான்?" என்று எதிர்க்கடைக்காரர் சிரித்தார். மறுநாள் கடை வெறிச்சோடித்தான் கிடந்தது. அதற்கு மறுநாளிலிருந்து எதிர்க்கடைக்காரரின் ஆட்களும் இங்கே வந்து வாங்கினார்கள். இதை இந்த மனிதருக்கு விளக்கிச் சொல்ல இப்போது நேரமில்லை.

"மைக்கைப் போடுங்க சார். நேரமாச்சு."

அவள் சம்மதித்துவிட்டாள் என்றே அவர் நினைத்தார். "நல்லா இருப்பீங்கம்மா" என்று பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

ஆறு வருஷமாக அடங்கியே கிடந்த நெஞ்சு, கட்டவிழ்த்த கன்றுக்குட்டி போலத் துள்ளியது.

"நேற்று போல இல்லை."

அனந்தபத்மநாபனின் கை பொத்தானை நோக்கிப் பாய்ந்தது. ஜெனிட்டா அதைவிட வேகமாகப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரக்கணக்கான நரம்புகளைத் தேடிப் பிடித்த கை. லேசில் விடாது.

"மூணு வாரமாவே நேற்று போல இல்லை. நான் உண்டாகியிருக்கேன். அதனால நீங்க பாத்த கர்ப்ப ரிசல்ட் அத்தனையும் தப்பு. குறைஞ்சிருக்குன்னு சொன்னது குறையலை. இல்லைன்னு சொன்னவங்களுக்கு இருக்கலாம். யாருக்கும் மாத்திரை கொடுக்காதீங்க. ஸ்கேன் பெட்டி மேல இருக்க பூந்தொட்டியை எடுங்க. மத்த ரிசல்ட்டையும் நாங்க திரும்பப் பாத்துச் சொல்லுதோம். சர்க்கரை மாத்திரையை யாரும் நிறுத்திராதீங்க, அது உங்க உடம்பு. தப்பை நாங்களே சொல்லுதோம், அதனால எங்களை நம்புங்க."

சுவரில் இருந்த மாநில வரைபடத்தில், ஊர் ஊராகக் காத்திருந்த மஞ்சள் புள்ளிகள் சிவப்பாக மாறின. கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே போகப் போக, தீப்பற்றிய காடு மாதிரி. ஒரு பச்சைகூட இல்லை.

ஜெனிட்டா அவர் கையை விட்டாள். "மன்னிச்சிருங்க சார். வலிச்சுதா?"

"நரம்பு நல்லாக் கிடைச்சிருக்கும் உங்களுக்கு" என்றார் அவர், வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். அதற்குள் எல்லா போன்களும் அடிக்க ஆரம்பித்திருந்தன. முதல் போனில் அவர் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று மழுப்பினார். மூன்றாவது போனில் மழுப்பல் நின்றது. பத்தாவது போனில், "ஆமாம்யா, நாங்கதான் சொன்னோம், தப்பை வேற யாரு சொல்லணும்கிறீங்க?" என்று அவர் அதட்டுவது அடுத்த அறை வரை கேட்டது.

மத்தியானம் முப்பிடாதி கூப்பிட்டாள். போனை எதன் அருகிலோ பிடித்தாள். கொர்கொர் என்ற இரைச்சலுக்கு நடுவே, குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். "கேக்குதா மைனி? எம்பிள்ளை! அந்தச் சின்னப் பிள்ளைக்கும் கேட்டுட்டு. டாக்டரம்மா பூந்தொட்டியைக் கையில வச்சுக்கிட்டே அழுதாவ!"

மையத்தின் பின்கட்டிலும் பழைய ஸ்கேன் பெட்டி ஒன்று கிடந்தது. ஜெனிட்டா தூசியைத் தட்டி உருட்டிக்கொண்டு வந்தாள். இசக்கி படுத்துக்கொண்டாள். கறுப்பும் சாம்பலுமான திரையில், பாசிப்பயறு அளவுக்கு ஒன்று மினுக் மினுக் என்றது. ஒரு நொடி இருந்த மாதிரி மறு நொடி இல்லை அது.

"படிக்கல்லு மேல ஒட்டின புளி" என்றாள் ஜெனிட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அக்கா, நீங்களும் படுங்க."

"நான் எதுக்குட்டி?"

"காபி வாசனை ஆகலைன்னு சொன்னீங்கல்லா? எல்லாம் இயல்புன்னு வந்துட்டுன்னு சொன்னீங்கல்லா? எதை வச்சுப் பாத்தீங்க?"

ஜெனிட்டாவின் வாய் திறந்தபடியே நின்றது. "ஏட்டி, நாப்பத்திரெண்டு வயசு எனக்கு. மூத்தவ காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கா. பேசாம இரு." ஆனால் படுத்தாள்.

இந்த முறை கருவியைப் பிடித்தது இசக்கி. அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

"யேசுவே!" என்று ஜெனிட்டா போட்ட கூச்சலில், போனைக் காதில் வைத்தபடியே அனந்தபத்மநாபன் ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். ஜெனிட்டாவைப் பார்த்தார். "இதுவும் நம்ம கணக்குலதான் வருமா?" என்றார்.

இசக்கி சிரித்தாள். வாயைத் திறந்து, வயிறு குலுங்க, கட்டடம் அதிரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை. ஒட்டிய புளியோடு தராசைத் தூக்கிக் காட்டிய அப்பாவுக்காக, ஊசி போட்டு நிறுத்திவைத்திருந்த அழுகை அத்தனையும் இப்போது வழி கண்டுபிடித்து வந்தது. அனந்தபத்மநாபனின் கை, பழக்கத்தில், அமைதி ஊசி இருக்கும் அலமாரி வரை போயிற்று. அங்கேயே நின்றது. திரும்பி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது.

அவள் அழுது முடிக்கும் வரை அவர் காத்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, கையில் ஒலிவாங்கி எதுவும் இல்லாமல் கேட்டார்.

"எப்படி இருக்கீங்க இசக்கியம்மா?"

அவள் உதடு பழக்கத்தில் அந்தப் பழைய வார்த்தைக்கு அசைந்தது. நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தெரியலை சார்" என்றாள். "இனிமேதான் பாக்கணும்."